கருவுற்ற தொடக்க மாதங்களில் வாசிக்கத் தக்கவை

(நவராத்திரி விழாவையொட்டி ஆலய மகளிர் பகுதி நடத்திய கூட்டத்தில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கருவுற்ற பெண்கள் முதல் மூன்று மாதங்களில் எதை வாசிக்கலாம் என்பதே எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பாகும். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் இளம் பெண்கள் பலர் ஆலய அலுவலகத்தில் இவ்வினாவை எழுப்புவதாகவும், அவர்தம் மாமியார்மார் அதனினும் மிகுதியாக எழுப்புவதாகவும் மகளிர் பகுதியினர் என்னிடம் கூறினர். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் தாய்சேய் நலப் பணியில் பல்லாண்டுகள் இருந்தவள் என்ற உரிமையில் இங்கு நிற்கின்றேன். புராணங்களில் ஆழ்ந்த புலமை எனக்கு இல்லை. ஆயினும் கருவுற்ற தாய் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை புராணங்களே ஆதலால், அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

பிரகலாதன் கருவிலேயே நாரதரிடம் உபதேசம் பெற்றான்; அபிமன்யு கருவிலேயே சக்கர வியூகத்தை அறிந்தான். இவ்விரண்டு கதைகளையும் அறியாத தமிழ் இல்லம் இந்நாட்டில் இருக்க முடியாது. இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. மகப்பேற்று வார்டில் நம் பெண்களுக்கு அடுத்த கட்டிலில் இருக்கும் மலாய்ச் சகோதரியர் கர்ப்ப காலத்தில் குர்ஆனின் யூசுப், மரியம் அத்தியாயங்களை ஓதுவது வழக்கம். சீனரிடையே கருவிலேயே கற்பித்தல் என்பது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய கருத்து. சௌ வமிசத்து வென் மன்னனின் அன்னை, கருவுற்றிருந்த காலத்தில் தீய காட்சிகளைக் கண்ணால் காணாமலும் தீய ஒலிகளைச் செவியால் கேளாமலும் இருந்தாள் என்று லியூ சியாங் எழுதிய மாதர் வரலாற்று நூல் போற்றுகின்றது. ஆக, மூன்று இனத்துப் பாட்டிமார்களும் இவ்விஷயத்தில் ஒரே கட்சியினர்.

பிரகலாதன் கதையை நாம் விரைந்து சொல்லி முடித்துவிடுகின்றோம். பாகவதத்தின் ஏழாம் கந்தம், ஏழாம் அத்தியாயத்தை நிதானமாகப் பார்ப்போமாயின் வேறொன்று புலப்படும். இரணியகசிபு தவமியற்றச் சென்றிருந்தபோது தேவர்கள் அவன் நகரைத் தாக்கினர். கருவுற்றிருந்த அவன் மனைவியை இந்திரன் பலவந்தமாக இழுத்துச் சென்றான். அவளோ அஞ்சி அலறினாள். வழியில் எதிர்ப்பட்ட நாரதர், குற்றமற்ற அப்பெண்ணை விடுவிக்குமாறு இந்திரனிடம் வாதாடினார். அவள் வயிற்றில் வளர்வது பகைவனின் வித்து என்றான் இந்திரன். அது இறைவனின் அடியார் என்றார் நாரதர். இந்திரன் அவளை வலம் வந்து விலகினான். அதன்பின் நாரதர் அவளைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று, தேற்றி, கணவன் திரும்பும்வரை அங்கேயே தங்கியிருக்கச் சொன்னார். அவள் அங்கே அச்சமின்றி வாழ்ந்தாள். உபதேசம் அதற்குப் பின்னரே வருகின்றது.

இந்த வரிசை முறையைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். முதலில் விடுதலை, அடுத்து அடைக்கலம், அதன்பின் ஆறுதல், கடைசியாகவே கல்வி. இன்னும் ஒன்று உண்டு. நாளடைவில் அந்த அன்னை அவ்வுபதேசத்தை மறந்துபோனாள் என்று பிரகலாதனே கூறுகின்றான். மறந்தாள் என்பதற்காக அவளை யாரும் பழிக்கவில்லை.

அபிமன்யு கதையின் நிலை வேறு. வியூகத்தை விட்டு வெளியேறும் வழி சொல்லப்பட்டபோது சுபத்திரை உறங்கிவிட்டாள், அதனாலேயே மகன் போரில் மாண்டான் என்று நாம் சொல்லி வருகின்றோம். வியாச பாரதத்தின் துரோண பருவத்தில், உடைத்து உட்புகும் முறையைத் தந்தை தனக்குக் கற்பித்தார், வெளியேறும் முறையைத் தான் அறியேன் என்ற பொருளில்தான் அபிமன்யு பேசுகின்றான். அன்னை உறங்கிய கதை செவிவழியாகப் பின்னர் வந்து சேர்ந்தது. பதினாறு வயது மைந்தனைப் பெருவீரர் பலர் சூழ்ந்து நின்று கொன்ற அநீதியை விட்டுவிட்டு, உறக்கம் வந்த கர்ப்பிணியின்மீது பழியை ஏற்றிய அக்கதையை முதலில் சொன்னவர் நிச்சயமாக ஓர் ஆடவராகத்தான் இருப்பார். (சிரிப்பு.) கருவுற்ற தொடக்க மாதங்களில் உடலில் சுரக்கும் நீர்கள் உறக்கத்தை மிகுவிக்கின்றன. உறங்குதல் அக்காலத்தின் இயல்பு; தாயின் குறையன்று.

இனி மருத்துவம் கண்டறிந்ததைச் சொல்கின்றேன். கருவிலுள்ள குழந்தை கேட்கின்றது என்பது உண்மை. எப்போது முதல் என்பதே கேள்வி. அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஹெப்பர், ஷாஹிதுல்லா என்ற இரு ஆய்வாளர்கள் 450 கருக்களை ஆராய்ந்து 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். தாழ்ந்த ஒலி ஒன்றுக்குக் கரு அசைந்து காட்டிய மிக முந்திய காலம் 19ஆம் வாரம். உயர்ந்த ஒலிகளுக்கு எட்டாம் மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே, 1986இல், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டி காஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இருவர் நம் தலைப்புக்கு மிக நெருங்கிய ஒரு சோதனையைச் செய்தனர். கர்ப்பிணிகள் ஒரு சிறுவர் கதையைக் கர்ப்பத்தின் இறுதி ஆறு வாரங்களில் நாள்தோறும் இருமுறை வாய்விட்டு வாசித்தனர். சிலருக்கு அளிக்கப்பட்டது, டாக்டர் சூஸ் என்பார் எழுதிய, தொப்பியணிந்த பூனையின் வேடிக்கைக் கதை. பிறந்து சில நாட்களே ஆன அக்குழந்தைகளின் வாயில் ஒரு சூப்பானை வைத்து, அவை சப்பும் விதத்துக்கு ஏற்பக் கருவில் கேட்ட கதையோ புதிய கதையோ ஒலிக்குமாறு அமைத்தனர். குழந்தைகள் பழகிய கதையையே நாடின. அதை வேறொரு பெண் வாசித்தபோதும் அவ்வாறே. அவை கதையின் பொருளை அறிந்தன என்று யாரும் சொல்லவில்லை. ஓசையின் நடையை அறிந்தன. தாலாட்டுப் பாடி வளர்த்த சமுதாயத்துக்கு இது வியப்பாக இராது.

ஆனால் அது இறுதி ஆறு வாரம். நமக்குத் தரப்பட்ட தலைப்போ முதல் மூன்று மாதம். பன்னிரண்டாம் வார முடிவில் கருவின் நீளம் உச்சி முதல் இருக்கைவரை ஐந்தாறு சென்டிமீட்டர். நாம் வாசிப்பதைக் கேட்கும் செவி அப்போது அதற்கு இல்லை. அம்மூன்று மாதங்களில் வாசிக்கப்படும் ஒவ்வோர் எழுத்தும் தாய்க்காகவே வாசிக்கப்படுகின்றது. நான் சொல்ல வந்தது இதுதான். எதை வாசிப்பது என்று தெரிவு செய்யும்போது, பிள்ளை அறிவாளியாகப் பிறக்குமா என்று கேட்பதை விடுத்து, இது இவளுக்கு இன்று உதவுமா என்று கேட்க வேண்டும்.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் பணியில் இருந்த காலத்தில், கரு கலைந்து பத்து நாட்கள்கூட ஆகாத ஓர் இளம்பெண் கிளினிக்குக்கு வந்தாள். சோதனைகள் முடிந்த பின்னரும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தாள். பிறகு மெல்லிய குரலில், “மிஸ்ஸி, சுந்தர காண்டம் மொத்தம் 68 சர்க்கம். நான் பதினொன்றுதான் முடித்தேன். வாந்தியில் புத்தகத்தைத் தொடவே முடியவில்லை. அதனால்தான் தங்கவில்லையா?” என்று கேட்டாள். வீட்டில் எவரும் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நாள்தோறும் இன்றைக்கு எத்தனை சர்க்கம் ஆயிற்று என்று அன்போடு கேட்டிருக்கின்றனர். அந்த அன்பான கேள்வி அவள் உள்ளத்தில் குற்றப் பத்திரிகையாக மாறிவிட்டது.

தாய்மார்களே, இதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15வரை தானே கலைந்துவிடுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் நேர்கின்றன. ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம் என்னும் மரபுத்திரிகளில் ஏற்பட்ட எண்ணிக்கைப் பிழை. தாய் வாசித்ததாலோ வாசிக்காமல் விட்டதாலோ, கிரகணத்தைக் கண்டதாலோ, துப்பறியும் கதை படித்ததாலோ அது நேர்வதில்லை. மனத்தில் பட்டது கருவிலும் படியும் என்ற எண்ணம் மேலைநாட்டாரையும் எவ்வளவு ஏமாற்றியது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று: 1726இல் இங்கிலாந்தின் மேரி டாஃப்ட் என்ற ஏழைப் பெண், கர்ப்பத்தில் முயற்கறிக்கு ஆசைப்பட்டதால் முயல்களையே ஈன்றதாகக் கூற, அரண்மனை மருத்துவர் ஒருவரே நம்பி நூல் எழுதி வெளியிட்டார். சில நாட்களில் அவள் பொய்யை ஒப்புக்கொண்டாள். அவளும் அவ்வாண்டில் கரு கலைந்து துன்புற்றவளே என்பதை, சிரித்து முடித்தபின் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் சமயம் இவ்விஷயத்தில் என்ன சொல்கின்றது? தஞ்சை மாவட்டம் திருக்கருகாவூருக்கு இங்கிருந்து சென்று வந்தவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். கர்ப்பரட்சாம்பிகையின் தலவரலாற்றை நினைவுகூருங்கள். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றிருந்தாள். கணவர் இல்லாத வேளையில் ஊர்த்துவபாத முனிவர் வந்து பிட்சை கேட்டார். கர்ப்பத்தின் களைப்பால் அவளால் உடனே எழுந்து வந்து உபசரிக்க இயலவில்லை. அதை அவமதிப்பாகக் கருதிய முனிவர் சபித்தார், கரு கலைந்தது. அவள் அம்பிகையிடம் முறையிட்டாள். அம்பிகை, ‘நீ ஏன் எழுந்து வரவில்லை’ என்று கேட்கவில்லை. கலைந்த கருவைக் குடத்தில் ஏந்திக் காத்துக் குழந்தையாக அவள் கையில் கொடுத்தாள். களைத்த பெண்ணைச் சபித்தவர் முனிவர், காத்தவள் அன்னை. நம் வீடுகளில் நாம் யார் பக்கம் நிற்கின்றோம் என்று எண்ணிப் பார்க்கலாம். (அத்தலத்துப் பிரசாதமான விளக்கெண்ணெய் வயிற்றில் தடவுவதற்கு உரியது. அதைக் குடிக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடாது.)

சுந்தர காண்டத்தை நான் குறைகூறவில்லை. அந்த நூலிலேயே நமக்கு வழிகாட்டல் இருக்கின்றது. அசோகவனத்து மரத்தில் மறைந்திருந்த அனுமன், அஞ்சி நடுங்கும் பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று நெடுநேரம் சிந்திக்கின்றான். பண்டிதரைப்போலச் சமஸ்கிருதத்தில் பேசினால் இராவணன் என்று எண்ணி மருள்வாளோ என அஞ்சுகின்றான். சாதாரண மனிதர் பேசும் மொழியைத் தேர்ந்து, அவள் கேட்க ஏங்கும் கதையையே முதலில் மெல்லச் சொல்லத் தொடங்குகின்றான். கம்பர் அவனைச் சொல்லின் செல்வன் என்றது பொருத்தமே. துன்பத்திலிருக்கும் ஒரு பெண்ணுக்கு எந்தச் சொல்லைக் கொடுப்பது என்ற தேர்வுதான் அங்கே நடைபெறுகின்றது. எண்ணிக்கை வைத்து 68ஐயும் முடிக்கச் சொல்லாமல், மாமியார் அருகில் அமர்ந்து அந்த ஒரு பகுதியை வாசித்துக் காட்டினால் போதுமானது.

இனி, இம்மூன்று மாதங்களில் கட்டாயம் வாசிக்க வேண்டிய ஒரு நூலைப் பற்றிச் சொல்கின்றேன். அது இலவசம், எந்தக் கடையிலும் கிடைக்காது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் முதல்முறை பெயர் பதியும்போது தாய்க்குக் கொடுக்கப்படும் சுகாதாரப் பதிவேடே அது. இளஞ்சிவப்பு அட்டையினால் அதைப் ‘பிங்க் புத்தகம்’ என்றே எல்லாரும் அழைக்கின்றனர். தாதிமார் எழுதுவதற்குரிய புத்தகம் என்று எண்ணி, அடுத்த தவணைத் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் வைத்துவிடும் தாய்மார்களே மிகுதி. அதில் உங்கள் இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு, இரத்த வகை, எடை, சிறுநீரில் இனிப்பும் புரதமும் உண்டா என்பவை அனைத்தும் உள்ளன. அட்டையில் ஒட்டப்படும் நிறக் குறியும் வாசிப்புக்கு உரியதே. பொதுவாக வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பு, பச்சை என்றால் கிளினிக் மருத்துவரின் கவனிப்பு, மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. தன் அட்டையில் மஞ்சள் ஒட்டியிருந்தும் அதன் பொருளைக் கேட்டறியாமல் ஐந்தாம் மாதம்வரை வந்த பெண்களை நான் கண்டதுண்டு.

இந்நாடு சுதந்திரம் பெற்ற 1957இல், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் மகப்பேற்றால் இறந்தனர். 2000ஆம் ஆண்டையொட்டி அவ்வெண்ணிக்கை 30 அளவுக்குக் குறைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், கிராமக் கிளினிக்குகள், ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் தேடும் விசாரணை முறை ஆகியவை சேர்ந்து செய்த பணி அது. தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமார் பிள்ளை பெற்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த எண்களின் பொருள் விளங்கும்.

புத்தகம் தேசிய மொழியில் இருக்கின்றதே என்பீர்கள். இங்கேதான் நம் குடும்பங்களின் தனித்த நிலையைச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் தாமான்களிலும் நான் கண்ட இல்லங்கள் பலவற்றில், மாமியாருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும், தேசிய மொழி பேச மட்டுமே வரும். தேசியப் பள்ளியில் படித்த மருமகளுக்கு மலாயும் ஆங்கிலமும் வாசிக்க வரும், தமிழ் எழுத்து வராது. ஒரே வீட்டில் இரண்டு எழுத்தறிவுகள். பகைக்கு இது போதும். நட்புக்கும் இதுவே போதும். மாலையில் கால்மணி நேரம் மருமகள் பிங்க் புத்தகத்தில் இன்று எழுதியதை மாமியாருக்குத் தமிழில் விளக்கட்டும். மாமியார் அபிராமி அந்தாதியோ ஒரு சிறுகதையோ மருமகளுக்கு வாசித்துக் காட்டட்டும். இதைச் செய்த ஒரு குடும்பத்தில், மருமகளின் இரும்புச்சத்து மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்தவர் அந்த மாமியார்தான்.

முதல் மூன்று மாதங்களில் அறிவதற்கு இன்னும் ஒன்று உண்டு. உண்மையில் அதை அதற்கும் முன்பே வாசித்திருக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் என்ற உயிர்ச்சத்தைப் பற்றியது. குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கின்றது. தீட்டு தள்ளிப்போனதை அறிந்து, சோதித்து, கிளினிக்குக்கு வரும்போது பலருக்கு அக்காலம் கடந்திருக்கும். ஏழு நாடுகளில் நடைபெற்று 1991இல் முடிவு வெளியான ஆய்வில், முன்பு இக்குறையோடு கர்ப்பமுற்ற பெண்கள் ஃபோலிக் அமிலம் உட்கொண்டதால், மறுமுறை அக்குறை நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. திட்டமிடும் காலத்திலிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. முன்பு இக்குறை நேர்ந்தவர்களுக்கும் வேறு சில நோயுள்ளவர்களுக்கும் மருத்துவர் மிகுத்துத் தருவார். ஆகவே திருமண அழைப்பிதழோடு வரும் தாம்பூலப் பையில் இதைப் பற்றிய ஒரு தாளையும் வைக்கலாமே என்று நான் பல காலமாகச் சொல்லி வருகின்றேன். இதுவரை யாரும் வைக்கவில்லை.

அடுத்தது இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. தாய்தந்தையருக்கு இனிப்புநீர் இருந்தால் முதல் வருகையிலேயே தாதியிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரைநீர் குடித்துச் செய்யும் பரிசோதனை தொடக்கத்திலேயே தேவைப்படலாம். இருவருக்குச் சாப்பிட வேண்டும் என்ற பழமொழியை விட்டுவிட்டு, நாசி லெமாக், தோசை, ரொட்டிச்சானாய் ஆகியவற்றில் மாவுச்சத்து எவ்வளவு என்று சொல்லும் ஒரு பக்கத்தை வாசிப்பது நம் இனத்துக்கு மிகவும் அவசியம். குங்குமப்பூவைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. நிறம் பெற்றோரிடமிருந்து வருவது.

எந்த நூலையும் வாங்குமுன் அது எந்த ஆண்டில் பதிப்பிக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். அக்காள் வைத்திருந்தது, அதற்கு முன் சித்தி வைத்திருந்தது என்று குழந்தை வளர்ப்பு நூல்கள் கைமாறி வருவது நம் வழக்கம். 1946இல் முதலில் வந்த டாக்டர் ஸ்பாக்கின் நூல் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. அன்புள்ள மருத்துவர், தாய்மார்களுக்குத் தைரியம் தந்தவர். அவர்கூட 1950களின் பிற்பகுதிப் பதிப்பில், குழந்தையைக் குப்புறக் கிடத்தி உறங்க வைக்குமாறு எழுதினார். அவ்வாறு உறங்குவதே காரணம் விளங்காத தொட்டில் மரணங்களை மிகுவித்தது என்பது பின்னர் தெளிவாகி, 1991இல் பிரிட்டனும் 1994இல் அமெரிக்காவும் மல்லாக்கக் கிடத்தச் சொல்லி இயக்கம் நடத்தின. அம்மரணங்கள் பெருமளவு குறைந்தன. நல்லவர் எழுதிய நூலும் பழையதாகிவிடும்.

விளம்பரத் தாள்களைப் பற்றியும் ஒரு சொல். 1957 முதல் 1961வரை, தாலிடமைடு என்ற உறக்க மருந்தைக் கர்ப்பிணிகளின் காலை வாந்திக்கும் ஏற்றது, முற்றும் பாதுகாப்பானது என்று கூறி விற்றனர். தொடக்க வாரங்களில் அதை உட்கொண்ட தாய்மார்களுக்குக் கைகால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. இன்று கைத்தொலைபேசியில் வரும் மூலிகைப் பொடி விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகின்றது. விற்பவர் எழுதியதைக் கொண்டு முடிவு செய்யாமல், அந்தப் பொட்டலத்தை அப்படியே கிளினிக்குக்கு எடுத்து வந்து காட்டுங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.

மனத்துக்கு இதம் தருபவை எவை? இங்கே என் விருப்பு வெறுப்பைச் சொல்ல உரிமை கொடுங்கள். இம்மாதங்களில் தலை சுற்றும், வாசனை பிடிக்காது, பத்து நிமிடத்துக்கு மேல் கண் நிற்காது. ஆகவே எங்கே நிறுத்தினாலும் குறைவில்லாத எழுத்து வேண்டும். கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம் என்று மலைக்க வேண்டாம். 1950 முதல் 1954வரை வாராவாரம் வந்த தொடர் ஆதலால் அத்தியாயங்கள் சிறியவை. நாளுக்கு ஒன்று போதும். தேவனின் துப்பறியும் சாம்புவை வாய்விட்டுச் சிரிக்க விரும்புவோர்க்குச் சொல்வேன். கந்தர் சஷ்டி கவசம் பலருக்கு மனப்பாடம். உடலின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் காக்க வேண்டும் அதன் முறை, தன் உடலைக் குறித்து அச்சம் கொண்டவளுக்கு இயல்பாகவே பொருந்தும். வாசிக்க முடியாத நாளில் கேட்டால் போதும். அதுவும் முடியாத நாளில் உறங்கினால் போதும்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொம்யூட்டர் இரயிலில் வேலைக்குச் செல்லும் பெண்கள், ஓடும் வண்டியில் தொலைபேசித் திரையை வாசிக்காதிருந்தால் வாந்தி சற்றுக் குறையும். சன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள். செவியில் பாட்டு ஒலிக்கட்டும்.

ஒதுக்கி வைக்க வேண்டியவற்றுள் முதலிடம், பிரசவத்தில் நேர்ந்த விபரீதங்களைப் பிறர் விரித்தெழுதி இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் செய்திகளுக்கே. சந்தேகம் இருந்தால் பகலில் தாதியைக் கேளுங்கள். இரத்தப் போக்கு, கடுமையான வயிற்றுவலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி ஆகிய மூன்றுக்கும் வாசிப்பில் விடை தேடாதீர்கள்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், நள்ளிரவாயினும்.

நிறைவாக, நிர்வாகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஆலய அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் தேவாரப் பதிப்புகளுக்குக் கீழே ஒரு தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தேன். அதைத் தாய்மார்களுக்கு ஒதுக்கித் தர வேண்டுகின்றேன். பொன்னியின் செல்வன் முதல் பாகத்தையும் சாம்புவையும் நான் கொண்டு வந்து வைக்கின்றேன். பழைய பதிப்பு மருத்துவ நூல்களை யாரும் அன்பளிப்பாகத் தர வேண்டாம். வெள்ளிதோறும் மாலைப் பூசை முடிந்தபின் அரைமணி நேரம் அங்கே அமர்ந்திருப்பேன். பிங்க் புத்தகத்தில் விளங்காத பக்கம் இருந்தால் எடுத்து வாருங்கள். மாமியாரையும் உடன் அழைத்து வாருங்கள்.